வைத்தியர் இல்லாத பாதாளம்

அன்றைக்குத்தான் நான் அந்த முடிவுக்கு வந்தேன். என் வீட்டுப் பாதாளத்தில் இனிமேல் வைத்தியருக்கு இடம் கிடையாது. அந்த ஆளை ஒழிக்க வேண்டுமென்றால் பாதாளத்தையே மாற்றவும் நான் தயார்.

பாதாளம் என்றதும் பயப்பட வேண்டாம். எங்கள் வீடு மாடியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வாள் வீசுகிறவர், மந்திரம் போடுகிறவர், பூட்டு உடைக்கிறவர். எல்லோரும் கூடிப் பாதாளத்துக்குள் இறங்கி, பூதங்களை அடித்துப் போட்டு, புதையலோடு மேலே வரவேண்டும். அடி விழுந்ததா, தப்பித்தாரா என்பதைப் பகடை சொல்லும். மற்றதை விதிப் புத்தகம் சொல்லும். விதிப் புத்தகம் சொல்லாததை நான் சொல்வேன். கதையை நடத்துகிறவன் நான்தான். எனக்கு நானே 'நடத்துநர்' என்று கம்பீரமாக ஒரு பட்டம் சூட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே எல்லோரும் 'கண்டக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தொழிலில் நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கில் நிற்பேன். மேலே இருந்து யாராவது "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் மற்றவர்களைக் குழிக்குள் இறக்கிவிட்டு நான் மேலே உட்கார்ந்திருப்பது. அந்த நாற்காலியை லேசில் விடுவேனா?

என் விதிப் புத்தகம் மூன்று பாகம். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் தலையணை தேவையில்லை. அதில் இல்லாத விதி கிடையாது. ஒரு எலியை அடிக்க வேண்டுமென்றால் வாளின் நீளம், எலியின் வேகம், விளக்கின் வெளிச்சம், தரையின் ஈரம் என்று தனித்தனி அட்டவணை. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்று எலிகளோடு ஒரு சண்டை ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், பிஸ்கட் நமத்துவிடும், மச்சினன் தூங்கிவிடுவான்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஊர் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறவன் என்பதால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். அவன் முறை வந்தால் விலாவில் ஒரு குத்து விட வேண்டும். கண்ணைத் திறக்காமல் பகடையை உருட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வான்.

என் மனைவிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து என்று சொல்லிப் பணம் கேட்டு வருகிறவர்களில் யார் நிஜம், யார் புளுகு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் அவளுக்கு நல்ல பெயர். சம்பளம் ஆபீசில் வாங்குவாள், ஓவர்டைம் வீட்டில் பார்ப்பாள்.

அவளுக்கு என் புத்தகம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"ஏங்க, உலகத்துல வேற புத்தகமே இல்லையா? எலி அடிக்கவே இவ்வளவு நேரம்னா, பூதம் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"இது புத்தகம் இல்லம்மா. சமுத்திரம்."

"அதான் மூச்சு முட்டுது."

"மாத்த முடியாது. இதுல எனக்கு ஒவ்வொரு பக்கமும் அத்துப்படி."

"அப்ப அந்த வாஷிங் மெஷினையாவது மாத்துங்க. நேத்து துணி போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா பாத்ரூம்ல இருந்து ஹாலுக்கு வந்து நிக்குது."

"லிஃப்டையே ரிப்பேர் பண்றவன் நான். இதைப் பண்ண மாட்டேனா?"

"நீங்க ரிப்பேர் பண்ணதுக்கப்புறம்தானே அது நடக்கவே கத்துக்கிச்சு!"

இரண்டையும் மாற்ற மாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். தொல்லை விட்ட சந்தோஷத்தில் நான் மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டர் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

கல்யாணமாகாதவர். இஸ்திரி கலையாத சட்டை. பல் டாக்டருக்குப் பல் நன்றாக இருப்பது தொழிலுக்கு அவசியம்தான். ஆனால் இந்த மனிதருக்கு அவசியத்துக்கு மேலேயே இருந்தது. வாயைத் திறந்தால் ஹாலில் விளக்குப் போட வேண்டாம். என்னை "அண்ணா" என்பார், அவளை "அண்ணி" என்பார். ஆட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேஷம் வைத்தியர்.

இங்கேதான் என் சமுத்திரம் என்னையே கவிழ்த்தது. என் புத்தகத்தின்படி, அடிபட்டவரைக் குணமாக்க வேண்டுமென்றால் வைத்தியர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதமாக நாலு வார்த்தை பேச வேண்டும். விதியை மாற்ற முடியாது என்று சொன்னவனே நான்தான்.

என் மனைவியின் வேஷம் வாள்காரி. அதுவரைக்கும் அவள் மேல் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அத்தனை உஷார். வைத்தியர் வந்த பிறகு அவள் உடம்பில் காயம் படாத இடம் இல்லை.

"கதவுக்குப் பின்னால அம்புப் பொறி இருக்கு. நானே சொல்றேன், இருக்கு" என்றேன்.

"நான் கதவைத் திறக்கிறேன்."

"அம்பு பாயும்மா!"

"பாயட்டும். வைத்தியர் இருக்காரு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்வார். இதமாக நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலு வார்த்தை எப்போதும் ஒரு ஜோக்காக இருக்கும்.

"அண்ணி, வழியில ஒரு எலும்புக்கூடு பாத்தோமே, அதுக்குக் கடவாய்ப் பல் சொத்தை. உயிரோட இருந்தப்ப வந்திருந்தா நான் அடைச்சு விட்டிருப்பேன்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். ஆனால் என் மனைவி சிரித்தாள். "ஹா ஹா ஹா" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பகடைகள் உருண்டன. மச்சினன் தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து எழுந்துகொண்டான்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பொறாமை என்றால் பொறாமைதான். பூசி மெழுக ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் நான் எதையாவது உளறினால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குச் சத்தமே கிடையாது. தோள் மட்டும் குலுங்கும். கண்ணில் நீர் வரும். கடைசியில் விக்கல் வந்துவிடும். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. அந்த விக்கலைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கே வரவில்லை. இப்போது யாரோ ஒருவர் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து, சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு அவளைச் சிரிக்க வைக்கிறார். நான் எலியின் வேகத்துக்கு அட்டவணை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது போதாதென்று அவளுக்குத் தாடை வலி வந்தது.

"தாடை ரெண்டு பக்கமும் வலிக்குதுங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"எந்த டாக்டர்?"

"வாய் வலிக்குப் பின்ன கண் டாக்டர்கிட்டயா போவாங்க?"

"வெந்நீர்ல கொப்பளிச்சா போயிடும்."

"ஒரு வாட்டி காட்டிட்டா நல்லதுதானே?"

காட்டினாள். அடுத்த வாரமும் காட்டினாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "வாய்க்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கிளினிக்கில் ஒரே மருந்து வாடை. டாக்டர் என்னைப் பார்த்ததும் எல்லாப் பல்லையும் காட்டினார்.

"வாங்கண்ணா! என்ன பிரச்சனை?"

"பல் வலி" என்றேன். வேறென்ன சொல்வது?

"எந்தப் பல்?"

கைக்கு வந்த பல்லைக் காட்டினேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாய்க்குள் கண்ணாடி போனது, கொக்கி போனது, எச்சில் உறிஞ்சுகிற குழாயும் போனது.

"இது நல்லாத்தான் இருக்கு. பக்கத்துப் பல்தான் போயிருக்கு. எடுத்துடலாம்ணா."

"ஆ!" என்றேன். வேண்டாம் என்று அர்த்தம்.

"சரி, எடுத்துடறேன். ஒரு விஷயம்ணா, அண்ணி மாதிரி ஒரு ரசிகை கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும். எங்கம்மாவே என் ஜோக்குக்குச் சிரிச்சது கிடையாது."

"ஆ... ஆ!"

"ஆமாதானே? அவங்க சிரிச்சாலே ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கு. வாரம் பூரா அடுத்த ஜோக்கைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"ஆ! ஆஆ!"

"நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்க, பாருங்க!"

தன் மனைவியைப் பற்றி இன்னொருவன் உருகி உருகிப் பேசும்போது வாயில் கொக்கியோடு படுத்துக் கிடந்தவர்களுக்குத்தான் என் வேதனை புரியும். வேவு பார்க்கப் போனவன் ஒரு பல்லைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். பாதி முகம் மரத்துப்போயிருந்தது. ஆனால் வயிற்றெரிச்சல் மட்டும் மரக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டேன்.

"நீ இனிமே அழர் ஜோக்குக்குச் ழிழிக்கக் கூழாது!"

"என்னங்க?"

"ழிழிக்கக் கூழாது!"

"ஊசி போட்டிருக்காரா? பாவம். முதல்ல வாயைத் துடைங்க, அப்புறம் உத்தரவு போடுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். கோணிய வாய், வழிகிற எச்சில். இந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது. அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தேன். வைத்தியரே இல்லாத வேறொரு ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது. வைத்தியர் இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்வது இல்லை. பக்கத்தில் உட்காராவிட்டால் நாலு வார்த்தை இல்லை. நாலு வார்த்தை இல்லாவிட்டால் சிரிப்பு ஏது?

உலகத்தில் பாதாள ஆட்டங்கள் இத்தனை இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது. கிடைத்ததையெல்லாம் வாங்கினேன், இரவல் கேட்டேன், பிரின்ட் எடுத்தேன். லிஃப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று மேலே இருந்து கத்தினார்கள். "வைத்தியர் இருக்காரான்னு பாத்துட்டு வரேன்" என்று பதிலுக்குக் கத்தினேன். உள்ளே ஆள் அடிபட்டுக் கிடப்பதாக நினைத்து வாட்ச்மேன் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

மற்றவர்கள் ஆட்டம் சுவாரசியமா, விதி சுலபமா, படம் அழகா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். என் மனைவிக்கும் பல் டாக்டருக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி விடுகிறது?

முதலில் பார்த்தது பகடைக்குப் பதில் சீட்டுக் கட்டை வைத்து ஆடுவது. வைத்தியர் இல்லை. ஆஹா என்று பக்கத்தைப் புரட்டினேன். காயம் ஆற வேண்டுமென்றால் இரண்டு பேர் நெருப்பு மூட்டி அருகருகே உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

அடுத்தது, ஆட்டம் தொடங்கும்போதே யாருக்கு யார் என்ன உறவு என்று பகடை போட்டுப் பார்ப்பது. அட்டவணையில் 'பழைய காதலர்கள்' என்று ஒரு வரி இருந்தது. பகடையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இன்னொன்று மகா கொடூரம். தொட்டால் மரணம், தும்மினால் மரணம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வைத்தியரும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு நாவிதர் வந்தார். முடி வெட்டுவார், கட்டுப் போடுவார், கூடவே பல்லும் பிடுங்குவார். எனக்கு மரத்துப்போன தாடை மறுபடி வலித்தது.

அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தபோது, அதன் மேலிருந்து மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் என் தலையில் விழுந்தது. கரன்ட் பில்லை விடக் கொஞ்சம்தான் தடிமன். ஒரு பக்கத்தின் ஓரம் மடித்திருந்ததால் அந்தப் பக்கமே திறந்துகொண்டது. கொட்டை எழுத்தில் இருந்தது: 'இந்த ஆட்டத்தில் வைத்தியர் கிடையாது. அடிபட்டவர் தானாகத்தான் எழுந்து நடக்க வேண்டும்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது ஏது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"தம்பி வெச்சுட்டுப் போயிருப்பான். ஏன்?"

"இந்த வாரத்துல இருந்து இதைத்தான் ஆடப் போறோம்."

"ஐயையோ! உங்க சமுத்திரம் என்ன ஆச்சு?"

"வத்திப் போச்சு."

"வேண்டாங்க. எனக்கு அதுவே பழகிப்போச்சு. இப்பத்தான் எலி அடிக்கிறது ஓரளவுக்குப் புரிஞ்சிருக்கு."

"முடியாது."

"வைத்தியர் வேற இல்லைன்னு போட்டிருக்கே. டாக்டர் வருத்தப்படுவாரே?"

"படட்டும்!"

பிடித்த பிடியில் நின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு வாதாடி நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் மூன்று பாகத்தையும் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்த ஆட்டத்தில் வேஷத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பகடை என்ன தொழில் கொடுக்கிறதோ அதுதான். மச்சினனுக்குக் கல்லறைக் காவல் வந்தது. என் மனைவிக்குக் கயிறு வியாபாரம். டாக்டருக்கு மிட்டாய் வியாபாரம். "இத்தனை வருஷம் நான் திட்டினவங்க சாபம்!" என்று டாக்டர் சொன்னார். நான் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். அவள் கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. புத்தகம் வேலை செய்கிறது!

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. முதல் அறையிலேயே மிட்டாய் வியாபாரியின் தலையில் கல் தூணைச் சாய்த்தேன்.

"செத்துட்டேனா?" என்று டாக்டர் கேட்டார்.

"சுத்தமா."

ஆனால் இந்த ஆட்டத்தில் செத்தவர் உட்கார்ந்தபடியே பகடை உருட்டிப் புது ஆளாக வந்துவிடலாம். குயவராக வந்தார். குழியில் தள்ளினேன். கொல்லராக வந்தார். பூதத்தை ஏவினேன். பொற்கொல்லர், தச்சர், படகோட்டி என்று ஊரிலுள்ள எல்லாத் தொழிலிலும் வந்தார், எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டே வந்தார். கூரையை இடித்தேன், வெள்ளம் விட்டேன், விஷப் புகை போட்டேன். என்னால் சாகடிக்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. வியர்த்துக்கொட்டி, நாக்குத் தள்ளி, அடுத்து எதை அவர் தலையில் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

"ஏங்க, நான் வெளியே வந்துட்டேன்."

"எங்கே இருந்து?"

"பாதாளத்துல இருந்து. கிணறு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? கயித்தைக் கட்டி இறங்கினேன். 'புதையல் இருக்கா'ன்னு கேட்டேன். டாக்டர் மேல வெள்ளம் விட்டுக்கிட்டே 'இருக்கு இருக்கு'ன்னீங்க. 'காவல் யாராவது?'ன்னு கேட்டேன். 'இல்ல, தொந்தரவு பண்ணாதே'ன்னீங்க. எடுத்துக்கிட்டு ஏறி வந்துட்டேன்."

"சரி, நல்லது. ஜெயிச்சுட்டே. அதுக்கென்ன?"

"கடைசிப் பக்கம் படிச்சீங்கல்ல?"

நான் படிக்கவில்லை. 'வைத்தியர் கிடையாது' என்ற வரியோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அவள் மஞ்சள் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'புதையலோடு முதலில் வெளியே வருகிறவரே அடுத்த வாரம் முதல் கதையை நடத்துவார். அவராக மனம் வைத்து விட்டுக்கொடுக்கும்வரை அந்த இடம் அவருக்கே.'

"எழுந்திருங்க கண்டக்டர்" என்றாள். "நாற்காலியை அடுத்த வாரத்துக்குத் துடைச்சு வைக்கணும்."

அடுத்த வாரம் நான் இறங்கிப் போகிறவர்களோடு உட்கார்ந்தேன். பகடை எனக்குக் கழுதைக்காரன் வேஷம் கொடுத்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவள் நன்றாகத்தான் நடத்தினாள். சண்டை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மச்சினன் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. அவனுக்கு இத்தனை பெரிய கண்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு இடத்தில் செங்குத்தான படிக்கட்டு வந்தது.

"கழுதை இறங்க மாட்டேங்குது" என்றாள் என் மனைவி, கதை சொல்கிற குரலில்.

"ஏன் இறங்கும்? நான் இதுக்கு ஒரு லிஃப்ட் போடறேன்."

"என்னது?"

"கூடையில கழுதை. கயித்தோட அந்தப் பக்கம் அதே எடைக்கு ஏதாவது கட்டணும்."

"அதே எடைக்கு என்ன இருக்கு உங்ககிட்ட?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "நான்தான் இருக்கேன்" என்றேன். "என்னைக் கட்டு. கழுதை கீழே போகட்டும், நான் மேலே போறேன். மேல போனதும் கதவு திறக்கலைன்னா கழுதை 'இன்னும் எவ்வளவு நேரம்ப்பா'ன்னு கத்தும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோள் குலுங்கியது. சத்தமே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு விக்கல்!

நான் ஓடினேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஓடிய வேகத்தில் பாதி தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. டாக்டர் அந்த நேரம் பார்த்துக் கழுதையின் பல்லைப் பற்றி ஏதோ ஜோக் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நாற்காலி போனது, பட்டம் போனது, ஒரு பல்லும் போனது. போகட்டும் என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் டாக்டர் என்னை நிறுத்தினார். அவர் உதடு மூடியிருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, அண்ணிக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"ஏன் டாக்டர்?"

"இப்பல்லாம் என் ஜோக்குக்குச் சிரிக்கவே மாட்டேங்கிறாங்க. புது ஆட்டம் வந்ததுல இருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கல. எங்கம்மா மாதிரியே பாக்கறாங்க."

பாவமாக இருந்தது. ஜெயித்தவனுக்குத் தோற்றவன் மேல் வருகிற பாவம். அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பெருந்தன்மையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, டாக்டர் ரொம்ப வருத்தப்படறாரு. ஒரு தடவை சிரிச்சு வெச்சா என்ன?"

"எதுக்கு?"

"முன்னாடியெல்லாம் சிரிச்சியே?"

"முன்னாடி தேவைப்பட்டுது."

"தேவைப்பட்டுதா?"

அவள் ஒரு சட்டையை உதறினாள். "புத்தகத்தை மாத்துங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? மாத்தினீங்களா? டாக்டர் ஜோக்குக்கு நாலு ஞாயித்துக்கிழமை சிரிச்சேன். நீங்களே டார்ச் அடிச்சுத் தேட ஆரம்பிச்சுட்டீங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அடியிலிருந்த சமுத்திரம் காலில் இடித்தது.

"அப்ப அந்தத் தாடை வலி?"

"வராத சிரிப்பை வரவெச்சுச் சிரிச்சுப் பாருங்க, தெரியும். டாக்டர்கிட்ட காட்டினா, 'அண்ணி, நீங்க கொஞ்சம் கம்மியா சிரிக்கணும்'னு அவரே சொல்றாரு, பாவம்."

"மஞ்சள் புத்தகம்?"

"நான் வாங்கினதுதான்."

"அந்தப் பக்கம் மடிச்சிருந்ததே?"

"மடிக்கலைன்னா நீங்க கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சாலும் படிச்சிருப்பீங்க."

கோபம் வர வேண்டிய இடம்தான் இது. வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"அன்னைக்கு விக்கல் வந்ததே... அது?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அது நிஜம்" என்றாள். "கழுதைக்கு எதிர் எடையா உங்களைக் கட்டச் சொன்னீங்களே! ஆபீஸ்ல அதை நினைச்சுக்கூட எனக்கு விக்கல் வந்துடுச்சு. விக்கலைப் பொய்யா வரவழைக்க முடியுமாங்க?"

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பொறாமையும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அதோடு எனக்கு ஒரு பெரிய ஞானமும் கிடைத்தது. சத்தம் போட்டுச் சிரித்தால் பொய், விக்கல் வந்தால் நிஜம். இனிமேல் இவளால் என்னை ஏமாற்ற முடியாது. அந்தத் தைரியத்தில் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நேற்று சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் இறக்க ஒரு கடைக்காரர் வந்திருந்தார். அகலமான தோள், சுருட்டை முடி. என் மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். உள்ளே எங்கள் மெஷின் பாத்ரூமிலிருந்து ஹாலை நோக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட கடைக்காரர், "ஏங்க, உங்க மெஷின் டிரெஸ் தோய்க்குதா, டிரெயின் பிடிக்கப் போகுதா?" என்றார்.

என் மனைவி சிரித்தாள். "ஹா ஹா ஹா" என்று கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். விக்கல் வரவில்லை. பொய்ச் சிரிப்பு. சந்தேகமே இல்லை, சுத்தமான பொய்ச் சிரிப்பு. அவர் இன்னொரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். எந்த மெஷின் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபிரிட்ஜ் மேலிருந்த விளம்பரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் ஓரம் ஏற்கெனவே மடித்திருந்தது.